கொழகொழப்பைக் காப்பாற்றும் சமையல்: ஆப்பிரிக்காவின் சணல் கீரைச் சூப், புதியவர்களுக்கு

வெண்டைக்காயைக் கழுவித் துணியால் துடைத்து, வதக்கும்போது கொஞ்சம் மோரோ புளித்தண்ணீரோ தெளித்து, கொழகொழப்பை ஒழித்துக்கட்டப் பழகிய கை நமக்கு. ஆப்பிரிக்காவின் பல சமையலறைகளில் நிலைமை நேர்மாறு. கரண்டியைத் தூக்கினால் சூப் கயிறுபோல் இழுபட வேண்டும். இழுபடாவிட்டால் கீரை பழசு, அல்லது சமைத்தவருக்குக் கைப்பக்குவம் போதாது. கடைசியில் வரும் துனீசியக் குழம்பைத் தவிர, இங்கே சொல்லப்போகும் எல்லாச் செய்முறைகளுக்கும் இந்த ஒரு கணக்குதான் அடிப்படை. அது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் எளிது.

எந்தக் கீரை?

சாக்கு நெய்ய நார் தரும் சணல் செடியின் இளம் இலைதான். தாவரவியலில் கார்கோரஸ் ஒலிட்டோரியஸ். வெண்டையும் இதுவும் ஒரே குடும்பம் என்பதால் வழவழப்பில் வியப்பில்லை. நைஜீரியாவின் யொருபா மக்கள் இதை எவெடு என்கிறார்கள். கானாவின் எவே மக்களுக்கு இது அடெமே, சியரா லியோனில் கிரெயின் கிரெயின், மேற்குக் கென்யாவின் லூயா மக்களிடம் ம்ரெண்டா, அவர்களுக்குப் பக்கத்தில் வாழும் லுவோ மக்களிடம் அபோத். எகிப்தில் முலூகியா. நம் நாட்டிலும் வங்காளிகள் இதை விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

வழவழப்பான சூப் எல்லாம் இந்த இலையில்தான் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வட நைஜீரியாவின் ஹௌசா மக்களின் ‘மியான் குகா’ உலர்த்திப் பொடித்த பாவோபாப் மர இலையில் செய்வது. சூடானில் உலர்ந்த வெண்டைக்காய்ப் பொடி, ஜிம்பாப்வேயில் வெண்டையும் காட்டுக்கீரைகளும். ஆனால் தொடங்குவதற்குச் சணல் கீரையே நல்லது. எங்கும் பரவியிருப்பதும் அதுதான்.

வளைகுடா நாடுகளில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. பேரங்காடிகளின் உறைபெட்டியில், பொடியாக நறுக்கிய முலூகியா 400 கிராம் பொட்டலமாகக் கிடைக்கும். லண்டன், டொராண்டோ போன்ற நகரங்களில் ஆப்பிரிக்கக் கடைகளிலும் அரபுக் கடைகளிலும் கேளுங்கள். தமிழ்நாட்டில் கீரைக்கூடையில் இது வருவது அரிது. விதை வாங்கித் தொட்டியில் போட்டால் கோடையில் நன்றாக வளரும். இலையின் ஓரம் ரம்பம்போல் இருக்கும். காம்பை ஒட்டிய இடத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய மீசைபோல் இழை நீட்டிக்கொண்டிருக்கும். இலையைப் பார்த்ததும் அடையாளம் காண அந்த மீசை போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பு வேறு செடி. பெயரைப் பார்த்து அதைப் பறித்துச் சமைத்துவிடாதீர்கள். அடுத்தது, சணல் விதை நச்சுத்தன்மை உடையது. காய் பிடித்த செடியிலிருந்து பறித்தால் காய்களை ஒன்றுவிடாமல் நீக்கிவிடுங்கள். இலையும் இளந்தண்டும் மட்டுமே அடுப்புக்கு.

கீரையே கிடைக்காவிட்டால் கொடிப்பசலை இலை மூன்று பங்கு, பிஞ்சு வெண்டைக்காய் ஒரு பங்கு. பதம் ஏறக்குறைய வந்துவிடும். ருசி வராது, அதை ஒப்புக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

கொழகொழப்பின் கணக்கு

இலைக்குள் இருக்கும் நீண்ட சங்கிலி வடிவச் சர்க்கரைச் சேர்மங்கள் தண்ணீரில் கலக்கும்போதுதான் வழவழப்பு உண்டாகிறது. இலையை எவ்வளவு பொடியாக நறுக்குகிறோமோ அவ்வளவு வெளியே வரும். சிட்டிகை காரம் இன்னும் இழுத்துக் கொண்டுவரும். காரம் என்று சொல்வது மிளகாயை அல்ல, சமையல் சோடா போன்ற உப்பை. நைஜீரியாவில் ‘கவூன்’ என்ற கனிம உப்புக்கட்டி, கென்யாவில் சாம்பல் வடிநீர், தான்சானியாவில் ‘மகாடி’ என்ற சோடா உப்பு. ஊருக்கு ஊர் பொருள் மாறினாலும் வேலை ஒன்றே. பச்சை நிறத்தையும் அதுதான் காக்கிறது.

கெடுப்பவை புளிப்பும், நெடுநேரக் கொதிப்பும். ஆகவே கீரை வேகும் பாத்திரத்தில் தக்காளி, புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். மூடியும் போடாதீர்கள். கீரை வேகும்போது ஆவியோடு வெளியேறும் அமிலம் மூடியில் பட்டுத் திரும்பப் பாத்திரத்திலேயே விழும், பச்சை, பழுப்பாகிவிடும்.

கழுவுவதை நறுக்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் பாதிச் சூப் சாக்கடைக்குப் போகும்.

எகிப்து: முலூகியா

முதன்முதலாகச் செய்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். தாளிக்கத் தெரிந்த கைக்கு இது பாதி தெரிந்த சமையல்.

நான்கு பேருக்கு: நறுக்கிய முலூகியா 400 கிராம், கோழி வேகவைத்த தண்ணீர் 750 மில்லி, பூண்டு 10 பல், கொத்தமல்லித் தூள் 1 மேசைக்கரண்டி, நெய் 2 மேசைக்கரண்டி, உப்பு, மிளகு.

கோழியை எலும்போடு, ஒரு வெங்காயம், இரண்டு ஏலக்காய், ஒரு பிரியாணி இலை போட்டு வேகவையுங்கள். தண்ணீரை வடித்துக்கொண்டு, கோழியைத் தனியே வறுத்தோ சுட்டோ வைத்துக்கொள்ளலாம். முயல் கறியில் செய்வது அங்கே பழைய வழக்கம். அலெக்ஸாண்ட்ரியா பக்கம் இறாலும் சேரும்.

பசுங்கீரையாக இருந்தால் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போக உலர்த்திவிட்டு நறுக்க வேண்டும். எகிப்தில் இதற்கென்றே இரு முனையிலும் பிடி வைத்த பிறைவடிவக் கத்தி உண்டு. அதைத் தொட்டில்போல் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, கீரை விழுதாகும் அளவுக்குக் கொத்துவார்கள். நம்மிடம் இருக்கும் பெரிய கத்தி போதும், பொறுமைதான் வேண்டும். மிக்ஸி வேண்டாம், நுரைத்துவிடும்.

கோழித் தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது கீரையைப் போட்டுக் கிளறுங்கள். உறைந்த கட்டியானால் அப்படியே போடலாம், கரைந்துவிடும். ஓரத்தில் குமிழி தலைகாட்டியதும் தீயைக் குறைத்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் சூப் தேறுவதும் கெடுவதும். தளதளவென்று கொதிக்கவிட்டால் கீரை அடியில் இறங்கி, மேலே வெறும் பச்சைத் தண்ணீர் நிற்கும். மூன்று நான்கு நிமிடம் மெல்லிய சூட்டில் இருந்தால் போதும்.

இதற்கிடையே நெய்யைக் காயவைத்து, நசுக்கிய பூண்டைப் பொன்னிறமாக வதக்கி, கொத்தமல்லித் தூளைப் போட்டு, மணம் எழுந்ததும் அப்படியே சூப்பில் கொட்டுங்கள். ‘தக்லியா’ என்ற இந்தத் தாளிப்பு இல்லாமல் முலூகியா இல்லை. கொட்டும் கணத்தில் சமைப்பவர் ‘ஹா’ என்று மூச்சை வெடுக்கென உள்ளிழுக்க வேண்டும், அப்போதுதான் ருசி கூடும் என்பது எகிப்துக் குடும்பங்களில் வழிவழியாக வரும் நம்பிக்கை. செலவில்லாத பொருள்தானே, சேர்த்துவிடுங்கள்.

சேமியா கலந்து வடித்த சோற்றிலோ, தவிட்டோடு கூடிய கோதுமை ரொட்டியிலோ சாப்பிடுவார்கள். எலுமிச்சை பிழிய விரும்புவோர் தட்டில் பிழிந்துகொள்ளலாம், பாத்திரத்தில் அல்ல. கெய்ரோவை 996 முதல் 1021 வரை ஆண்ட ஃபாத்திமியக் கலீஃபா அல்-ஹாக்கிம் இந்தக் கீரையை உண்ணத் தடை போட்டார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். தடை போனது, கீரை நிற்கிறது.

நைஜீரியா: எவெடுவும் அபுலாவும்

எவெடுவில் எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை. தனியாகச் சாப்பிட்டால் சப்பென்று இருக்கும். அதனால்தான் இதைத் தனியாக யாரும் பரிமாறுவதில்லை. இபாடான் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் நடுவே ஒரு கட்டி அமலா என்ற கிழங்கு மாவுக் களி, அதன்மேல் பச்சை எவெடு, க்பெகிரி என்ற மஞ்சள் பயற்றுக் கடையல், சிவப்புக் குழம்பு, இறைச்சித் துண்டு என்று சேர்த்தே தருவார்கள். அந்தச் சேர்மானத்துக்குத்தான் அபுலா என்று பெயர். செய்வதானால் முழுதாகச் செய்யுங்கள். எவெடுவை மட்டும் செய்து ருசி பார்த்துவிட்டு ஆப்பிரிக்கச் சமையலைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

எவெடுவுக்கு வேண்டியவை: ஆய்ந்த இலை 250 கிராம், தண்ணீர் ஒன்றரைக் கோப்பை, சமையல் சோடா ஒரு சிட்டிகை, ‘இரூ’ 1 மேசைக்கரண்டி, சென்னாக்கூனிப் பொடி 1 மேசைக்கரண்டி, உப்பு. ‘இரூ’ என்பது ஒருவகை மரத்தின் விதையை அவித்து நொதிக்கவைத்தது. வாடை தூக்கலாக இருக்கும். குழம்பில் கரைந்ததும் ஆழமான சுவையாக மாறிவிடும். ஆப்பிரிக்கக் கடையில் கிடைக்காவிட்டால் சென்னாக்கூனியை இரட்டிப்பாக்குங்கள்.

1. தண்ணீர் கொதித்ததும் சோடாவைப் போடுங்கள். பொங்கும், பெரிய பாத்திரமாக இருக்கட்டும். சோடா அதிகமானால் சோப்பு வாடை அடிக்கும், ஆகவே இரண்டு விரல் சிட்டிகைக்கு மேல் போகாதீர்கள்.

2. முழு இலைகளைப் போட்டு, மூடாமல் ஐந்தாறு நிமிடம் வேகவிடுங்கள். இலையை விரலால் நசுக்கினால் எதிர்ப்பில்லாமல் மசிய வேண்டும்.

3. யொருபா சமையலறையில் இதை மசிக்க ‘இஜாபே’ என்றொரு குட்டைத் துடைப்பம் உண்டு. மெல்லிய குச்சிகளை இறுகக் கட்டி, சமையலுக்கென்றே தனியாக வைத்திருப்பார்கள். பாத்திரத்துக்குள்ளேயே குத்திக் குத்தி மசிப்பார்கள். நம் வீட்டுக் கீரை மத்து அதே வேலையைச் செய்யும். கடையக் கடைய இழை விடத் தொடங்கும்.

4. இரூ, கூனிப் பொடி, உப்பு சேர்த்து, சிறுதீயில் மூன்று நிமிடம். இறக்கிவிடுங்கள்.

சிவப்புக் குழம்புக்கு மூன்று சிவப்புக் குடைமிளகாய், மூன்று தக்காளி, ஒரு வெங்காயம், காரத்துக்கு ஏற்ப மிளகாய் எல்லாவற்றையும் அரைத்து, நீர் வற்றக் கொதிக்கவிட்டு, சிவப்புப் பாமாயிலில் எண்ணெய் பிரியும்வரை வதக்கி, வேகவைத்த ஆட்டுக்கறியைச் சேர்த்தால் முடிந்தது. ரேஷன் கடையில் தரும் பாமாயில் சுத்திகரித்தது. நிறமும் மணமும் போனது. இதற்குச் சுத்திகரிக்காத சிவப்பு எண்ணெய்தான் வேண்டும். க்பெகிரி இன்னும் எளிது: தட்டைப்பயறை ஊறவைத்துத் தோல் நீக்கி, குழையும்வரை வேகவைத்துக் கடைந்து, ஒரு கரண்டி சிவப்பு எண்ணெயும் மிளகாய்த் தூளும் உப்பும் சேர்க்க வேண்டும். புளிப்பும் தக்காளியும் சிவப்புக் குழம்போடு நின்றுவிடுவதைக் கவனியுங்கள். அது எவெடுவைச் சந்திப்பது தட்டில்தான்.

அமலா என்பது பெருவள்ளி இனக் கிழங்கை உலர்த்தி அரைத்த மாவில் கிண்டும் கரும்பழுப்புக் களி. அது கிடைக்காதவர்கள் ராகிக் களி கிண்டிக்கொள்ளலாம். நிறம், பதம் இரண்டும் அவ்வளவு நெருக்கம். வலது கையால் ஒரு சிறு உருண்டை பிட்டு, கட்டை விரலால் குழி செய்து, சூப்பை அள்ளி, மெல்லாமல் விழுங்குங்கள். வழவழப்பு எதற்கு என்று அந்த முதல் உருண்டை தொண்டையில் இறங்கும்போது புரியும்.

மேற்குக் கென்யா: ம்ரெண்டா

லூயா மக்கள் ம்ரெண்டாவைத் தட்டைப்பயறு இலையோடு சேர்த்துச் சமைப்பது வழக்கம். உலர்ந்த பயற்றுத் தோல் போன்றவற்றை எரித்த சாம்பலில் தண்ணீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக வடித்து எடுக்கும் நீர் ‘முன்யு’. சாம்பல் நீர் வடிக்க வீட்டில் வசதியில்லாதவர்கள் கால் தேக்கரண்டி சமையல் சோடா போடலாம்.

இரண்டு கோப்பைத் தண்ணீர் கொதித்ததும் காரத்தைச் சேர்த்து, முதலில் ஒரு கட்டுப் பயற்றிலையைப் பத்து நிமிடம் வேகவிடுங்கள். அது முரடு, நேரம் எடுக்கும். பிறகு இரண்டு கட்டு ம்ரெண்டா, உப்பு. இன்னும் பத்து நிமிடம், அடிக்கடி கிளறியபடி. எண்ணெய் தேவையில்லை. கடைசியில் கொஞ்சம் பாலோ பாலேடோ ஊற்றுவோரும் உண்டு. சோளமாவில் இறுக்கமாகக் கிண்டிய உகாலியோடு சாப்பிட வேண்டும்.

துனீசியா: விதிவிலக்கு

மேலே சொன்ன விதிகளையெல்லாம் மீறும் ஊர் இது. உலர்த்திப் பொடித்த கீரையைத் தாராளமான ஆலிவ் எண்ணெயில் கரைத்து, கொதிநீர் ஊற்றி, மாட்டிறைச்சி, பூண்டு, கொத்தமல்லி, பிரியாணி இலை சேர்த்து, ஐந்தாறு மணி நேரம் சிறுதீயில் விடுவார்கள். கரும்பச்சை, கறுப்பாகி, எண்ணெய் மேலே மிதந்து வந்தால் பதம். இழுபடும் வழவழப்பு போய், ரொட்டியில் தோய்த்துச் சாப்பிடும் கெட்டிக் குழம்பாகிவிடும். ஹிஜ்ரி ஆண்டின் முதல் நாளில் பல வீடுகளில் இதுதான் சமையல். பசுமை நல்ல ஆண்டுக்கு அறிகுறி என்பது எண்ணம். முதன்முறை செய்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன், எரிவாயுச் செலவே கண்ணைக் கட்டும்.

சரியாக வராவிட்டால்

கீரை அடியில் தங்கித் தண்ணீர் பிரிந்தால் கொதி கூடிவிட்டது. அந்தச் சூப்பை மீட்க வழியில்லை. சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த முறை தீயைக் குறையுங்கள். கரண்டியை விடாமல் பசைபோல் ஒட்டினால் சூடான தண்ணீர் அரைக் கோப்பை ஊற்றிக் கலக்குங்கள், குளிர்ந்த நீர் வேண்டாம். மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே சூடுபடுத்தித் தீர்த்துவிடுங்கள். முழுவதும் நன்றாகச் சூடேற வேண்டும், ஆனால் கரண்டியை நிறுத்தாமல் கிளறி, கொதி தொடங்கியவுடன் இறக்கிவிடுங்கள்.