‘தெதெலெஸ்தாய்’: ஒரு கிரேக்க வினைச்சொல்லைப் பிரித்தறியும் முறை

புதிய ஏற்பாட்டின் யோவான் 19:30-இல், சிலுவையில் இயேசு சொன்னதாக “முடிந்தது” என்று நாம் வாசிப்பது, கிரேக்க மூலத்தில் ‘தெதெலெஸ்தாய்’ என்னும் ஒரே சொல். அதைப் பிரிக்க, முதலில் ஈற்றைப் பாருங்கள். ‘-தாய்’ என்பது படர்க்கை ஒருமை விகுதி. இங்கே செயப்பாட்டுவினையைக் காட்டுகிறது. நிகழ்காலத்திலும் இதே விகுதி வருவதால் (லூயெதாய், “அவிழ்க்கப்படுகிறது”), ஈற்றை மட்டும் வைத்துக் காலத்தைத் தீர்மானிக்காதீர்கள்.

அடுத்து, சொல்லின் தொடக்கத்தைப் பாருங்கள். வேரின் முதல் மெய்யெழுத்து எகரத்தோடு சேர்ந்து முன்னால் ஒருமுறை வந்திருக்கிறது. இந்த இரட்டிப்பே நிறைவுக்காலத்தின் அடையாளம்.

இனி வருவதுதான் பலரைத் தடுமாறச் செய்யும் இடம். முன்னும் பின்னும் நீக்கினால் ‘தெலெஸ்’ எஞ்சுகிறது. அகராதியிலோ ‘தெலெயோ’ என்றுதான் இருக்கிறது. இந்த ஸகரம் விகுதியைச் சேர்ந்ததன்று. “முடிவு, இலக்கு” எனப் பொருள்படும் ‘தெலோஸ்’ என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்த இவ்வினையின் பழைய அடியிலேயே அது இருந்தது. நிகழ்காலத்தில் இரண்டு உயிர்களுக்கு இடையே அகப்பட்டு மறைந்தது. ‘-தாய்’ விகுதிக்கு முன்னால் மீண்டும் தலைகாட்டுகிறது. ‘பிலெயோ’ (நேசி) எதிர்காலத்தில் ‘பிலேஸோ’ என்று நீள, இது ‘தெலெஸோ’ என்று குறிலாகவே நிற்பதற்கும் அதுவே காரணம்.

அகராதி வடிவத்தைக் கண்டுபிடிக்க, வேதாகமத்தின் ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் தரப்பட்டுள்ள ஸ்ட்ராங் எண் (இங்கே 5055) போதும். ஆனால் அது காலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதால், எண்ணைப் பார்க்கும் முன் கையால் பிரித்துப் பழகுவதையே நான் பரிந்துரைப்பேன்.

பொருளுக்கு வருவோம். செயல் முடிந்து, அதன் விளைவு இன்னும் நிலைத்திருப்பதையே நிறைவுக்காலம் உணர்த்துகிறது. மத்தேயு 4:4-இல் வரும் ‘கெக்ராப்தாய்’ இதே காலம். தமிழில் அது “எழுதியிருக்கிறதே” என்று அழகாகப் பொருந்துகிறது. ஆயினும் “முடிந்திருக்கிறது” என்றால் தமிழில் ஊகத்தின் சாயல் ஏறிவிடக்கூடும். எனவே “முடிந்தது” என்பதோ “முடிந்துவிட்டது” என்பதோ மேல்.

பின்சேர்க்கை: “கடன் செலுத்தித் தீர்ந்தது” என்று இச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வரி செலுத்துவதைக் குறிக்க இவ்வினை வருவது உண்மையே (மத்தேயு 17:24, ரோமர் 13:6). ஆனால் அவ்விடங்களில் வரி என்னும் செயப்படுபொருள் வெளிப்படையாக நிற்கிறது. யோவான் 19:28-இலோ இதே வடிவம் “எல்லாம்” என்னும் எழுவாயோடு வருகிறது. இரண்டு வசனம் தள்ளி வரும் சொல்லுக்கும் அந்தப் பொருளையே கொள்வது முறை. அதே 28-ஆம் வசனத்தில் “நிறைவேற” என்பதற்கு நிற்கும் ‘தெலெயோஓ’ வேறு வினை (5048). இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.