காட்டுத்தீயில் யார் சொல்ல, யார் கேட்க

மாசி, பங்குனியில் தீயணைக்க வரும் புதுப் பையன்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். புகையைப் பார்த்ததும் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஓடாதீர்கள். ஐந்து நிமிடம் நின்று, இன்றைக்கு யார் சொல்லை யார் கேட்பது என்று முடிவு செய்யுங்கள். பெயருக்கு நான்தான் வனவர். ஆனால் எங்கள் பீட்டில், அதாவது எங்கள் காவல் பகுதியில், மதியக் காற்று எந்தப் பள்ளத்தில் திரும்பும் என்பது ஓர் இருளர் பெரியவருக்குத்தான் தெரியும். அவர் "வேண்டாம்" என்றால் நானும் நின்றுவிடுவேன்.

குழுத்தலைவர் நான்கு விஷயம் சொல்லாமல் யாரையும் அனுப்பக்கூடாது: மேட்டில் நின்று தீயைப் பார்த்துக்கொண்டே இருப்பது யார், அவர் எப்படிக் கூப்பிடுவார், எந்த வழியாக வெளியேறுவது, போய் எங்கே நிற்பது. நிற்கும் இடம் வெறும் பாறையாகவோ ஏற்கெனவே எரிந்து முடிந்த கரியாகவோ இருக்கட்டும். மேட்டைப் பார்த்து ஓடும் வழியைச் சொல்லாதீர்கள். சரிவில் தீ நம்மைவிட வேகமாக ஏறும்.

கேட்பவர் "சரிங்க சார்" என்று தலையாட்டினால் போதாது, சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருமுறை "கீழ் ஓடையில் கோடு வெட்டு" என்றேன், தீ தாண்டாதபடி சருகையும் புல்லையும் அகற்றச் சொல்லி. பையன் தலையாட்டிவிட்டு வேறு ஓடைக்குப் போய்விட்டான். முக்கால் மணி நேரம் தேடினோம். பாறைமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தப்பு என்னுடையது, அங்கே கீழ் ஓடைகள் இரண்டு.

மறுக்கவும் பழகுங்கள். வெறுமனே "முடியாது" என்று நிற்காமல், "அங்கே புகை தேங்கி நிற்கிறது, பாறை வழியாகப் போகிறேன்" என்று காரணத்தோடு மாற்று வழியும் சொல்லுங்கள். தலைவர் கோபப்பட்டால் படட்டும்.

அமெரிக்காவின் மொன்டானாவில், மான் கல்ச் பள்ளத்தாக்கில் 1949 ஆகஸ்ட் 5 அன்று தீ துரத்தி வந்தபோது, குழுத்தலைவர் வாக்னர் டாட்ஜ் முன்னாலிருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார். எரிந்த இடத்துக்குள் வரச் சொல்லி மற்றவர்களைக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. அப்படியொரு உத்தியை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை; அவரோடு அதிகம் பழகியதும் இல்லை. 16 பேரில் 13 பேர் இறந்தார்கள். சாம்பலில் குப்புறப் படுத்த டாட்ஜ் பிழைத்தார். அதனால் விசித்திரமாகப்படும் உத்தரவுகளை, முகாமில் சோற்றுப் பொட்டலம் பிரிக்கும்போதே பேசிவிடுங்கள்.

அப்புறம், காட்டிலிருந்து இறங்கும்போது தலை எண்ணுவது தலைவர் வேலை. ஜீப்பில் ஏறிய பிறகு வேண்டாம், ஏறுவதற்கு முன்னால்.