சின்னப் பிள்ளைகளோடு ஆச்சி வீட்டுக்கு மூன்று நாள்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

சென்னையில் இருக்கும் குடும்பம். மூன்று வயதில் ஒன்று, ஆறு வயதில் ஒன்று. தாத்தாவும் ஆச்சியும் தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில். வெள்ளி, சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் லீவு வருகிறது. இந்தக் கணக்கை வைத்துத்தான் எழுதுகிறேன். உங்கள் ஊர் தஞ்சாவூர் பக்கமோ தேனி பக்கமோ இருந்தால் ரயில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பயணத்தில் எல்லோரும் பிள்ளைகளின் வசதியைத்தான் யோசிக்கிறோம். ஆச்சியை யோசிப்பதில்லை. மூன்று நாளும் ஆறு பேருக்குச் சமைத்து, பாத்திரம் கழுவி, பலகாரமும் சுட்டு, நாம் ரயில் ஏறிய மறுநாள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார். பேரப்பிள்ளையை மடியில் வைத்துப் பேச அவருக்கு நேரமே கிடைத்திருக்காது. ஆச்சி அடுப்படியை விட்டு வெளியே வந்து உட்கார வேண்டும். கீழே சொல்லும் ஏற்பாடுகளில் பாதி அதற்காகத்தான்.

படி 1: நாளும் டிக்கெட்டும்

முதல்முறை போகிறீர்கள் என்றால் பொங்கலையும் தீபாவளியையும் விட்டுவிடுங்கள். பண்டிகை நாளில் வீடு நிறைய ஆள், ரயில் நிறையக் கூட்டம், ஆச்சிக்கு ஓய்வே இருக்காது. சாதாரண நீண்ட வார இறுதியே நல்லது. 2026இல் காந்தி ஜெயந்தி, அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை வருகிறது. வழக்கமாகக் காலாண்டு விடுமுறையும் அந்தச் சமயத்தை ஒட்டி வரும் என்பதால் கூட்டம் இருக்கும், ஆனால் பொங்கல் அளவுக்கு இருக்காது.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. பழைய ஞாபகத்தில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அக்டோபர் 1 வியாழன் இரவு கிளம்ப வேண்டும் என்றால் ஆகஸ்ட் 2 காலை 8 மணிக்குத் தயாராக உட்காருங்கள். ஞாயிறு மாலை திரும்புகிற டிக்கெட் ஆகஸ்ட் 5 அன்று திறக்கும். இரண்டையும் காலண்டரில் குறித்துவையுங்கள். போகிற டிக்கெட்டை எடுத்துவிட்டுத் திரும்புவதை மறந்துபோகிறவர்கள் நிறைய. தட்காலை நம்பிப் பிள்ளைகளோடு திட்டம் போட வேண்டாம். ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி என்று அது முந்தின நாள்தான் திறக்கும். ஆன்லைனில் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கும் வேண்டும்.

பிள்ளைகளுக்கு டிக்கெட் எப்படி? 5 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டாம் என்றால் கட்டணம் இல்லை. 5 முதல் 12 வயதுக்குள் என்றால் பெர்த் இல்லாமல் பாதிக் கட்டணம், பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ஆறு வயதுப் பிள்ளைக்கு முழுக் கட்டணம் கொடுத்து பெர்த் எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்கப் பெரியவர் ஒருவரோடு ஒட்டிப் படுத்தால் இரண்டு பேருக்கும் தூக்கம் இருக்காது. சின்னது அம்மாவோடு லோயர் பெர்த்தில் படுத்துக்கொள்ளும். பதிவு செய்யும்போது 'ஒரு லோயர் பெர்த்தாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். கிடைத்த எண்ணைப் பார்த்தே எந்த பெர்த் என்று தெரிந்துகொள்ளலாம். ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் 1, 4, 9, 12, 17, 20 என்று போவது லோயர். 7, 15, 23 என்று போவது சைடு லோயர்.

தென்காசிக்கு ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ்தான் என் தேர்வு. தூங்கி எழுந்தால் ராஜபாளையம் தாண்டி மலை தெரியும். திருநெல்வேலிக்குப் பகலில் வந்தே பாரத் இருக்கிறது, ஏறத்தாழ எட்டு மணி நேரம். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையை எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார வைப்பதைவிடத் தூங்கவைத்துக் கூட்டிப்போவது எவ்வளவோ சுலபம்.

படி 2: ஊருக்கு ஒரு போன்

இதைத் தவறவிடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, சாவகாசமாக, ஆச்சி மத்தியானம் படுத்து எழுந்த நேரமாகப் பார்த்துப் பேசுங்கள்.

"அத்தை, வெள்ளிக்கிழமை காலைல வந்துருவோம். காலைச் சாப்பாட்ட தென்காசியிலயே முடிச்சிருவோம், நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சொன்னால், "ஏன், எனக்கு நாலு இட்லி ஊத்த முடியாதா?" என்றுதான் பதில் வரும். அதற்கு வாதாட வேண்டாம். வேறு வேலை கேளுங்கள். "இட்லி வேண்டாம் அத்தை, சனிக்கிழமை உங்க கையால உளுந்தங்களி மட்டும் பண்ணித் தாங்க, பெரியவ கேட்டுக்கிட்டே இருக்கா" என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். ஆச்சி கையால் ஒரே ஒரு பண்டம், மற்றதெல்லாம் நாம். இதுதான் ஒப்பந்தம். வெள்ளி மத்தியானம் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சமையுங்கள். ஒரு வேளை கடையில் வாங்குங்கள். மளிகை, பால், காய்க்கு ஆகிற செலவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பென்ஷனில் ஓடும் வீட்டில் நாலு பேர் மூன்று நாள் சாப்பிடுவது சின்னச் செலவில்லை, அவர்கள் வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்கள்.

அதே போனில் இன்னும் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். மெத்தை எத்தனை இருக்கிறது, கொசுவலை இருக்கிறதா, கழிப்பறை இந்தியன் மட்டும்தானா, கரன்ட் அடிக்கடி போகிறதா, மாமாவுக்கு ஆஸ்பத்திரி போகிற நாள் ஏதும் அந்த வாரத்தில் வருகிறதா.

படி 3: பை

ஆளுக்கு ஒரு பை வேண்டாம். பெரிய பை ஒன்று, ரயிலில் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கச் சின்னப் பை ஒன்று. உடுப்பில் பாதி பழசாக இருக்கட்டும், செம்மண்ணில் புரண்டுவிட்டு வருவார்கள். படுக்கை நனைக்கிற வயதென்றால் ரப்பர் ஷீட் கட்டாயம், ஆச்சி வீட்டு இலவம்பஞ்சு மெத்தை நனைந்தால் காயவைப்பது பெரும்பாடு. டார்ச் ஒன்று.

மருந்துப் பையில் காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், ஓஆர்எஸ் பாக்கெட், வீசிங் இருந்தால் அதற்கான மருந்து. காய்ச்சல் மருந்தை ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று வேறு வேறு அடர்த்தியில் விற்கிறது. வீட்டில் கொடுக்கிற அதே அளவை இரண்டு மடங்கு அடர்த்தியான மருந்தில் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. உங்கள் டாக்டர் எடை பார்த்து எழுதிய அதே பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போட்டுக் கலக்கக் கூடாது.

படி 4: ரயிலில் ஒரு ராத்திரி

ஏறுவது எழும்பூரா தாம்பரமா என்று டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பொடி தடவிய இட்லி, பிள்ளைகளுக்கு நெய்யும் சர்க்கரையும் தொட்ட இட்லி. வேறு எதுவும் தேவையில்லை. மிடில் பெர்த்தை ராத்திரி 10 முதல் காலை 6 வரை போட்டுக்கொள்ளலாம், அதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டால் எதிர் சீட்காரர்களுக்கும் தொந்தரவு இருக்காது. சின்னதைச் சுவர்ப் பக்கம் படுக்க வைத்து நீங்கள் வெளிப்பக்கம் படுங்கள். பெரியதுக்கு மிடில் பெர்த் வேண்டாம், லோயர் ஒன்றே கிடைத்தால் பிள்ளைகள் இரண்டையும் அங்கே படுக்க வைத்துவிட்டு நாம் முறை போட்டுப் பக்கத்தில் உட்காரலாம். ஏதாவது உதவி வேண்டுமென்றால் 139.

படி 5: இறங்கியதும் வீட்டைச் சுற்றி ஒரு நடை

காப்பி குடித்து முடித்த கையோடு இதைச் செய்துவிட வேண்டும். பேரப்பிள்ளைகள் எப்போதாவது வரும் வீட்டில் குழந்தை வாழும் ஏற்பாடு இருக்காது. அது யார் குற்றமும் இல்லை.

நீங்களாகப் போய்ப் பொருளை எடுத்து மாற்றி வைத்தால் மாமாவுக்கு மனசு சங்கடப்படும். அவரையே முன்னால் நிறுத்துங்கள். "இவன் கையில கெடச்சதெல்லாம் வாயில வைப்பான் மாமா, எதை எடுத்து மேல வைக்கணும்னு நீங்களே ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க." தாத்தா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போவார். எதை எங்கே வைத்திருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும்.

முதலில் மாத்திரை. ஜன்னல் திண்டில், தலைமாட்டில், பழைய எவர்சில்வர் டப்பாவில் என்று மூன்று இடத்தில் இருக்கும். சுகர் மாத்திரைகளில் சிலவற்றை ஒன்று விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மிட்டாய் மாதிரி கலரிலும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, நேரத்துக்கு எடுத்துக்கொடுக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் எலி மருந்து, அந்துருண்டை, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், பினாயில். கேட்டால்தான் ஞாபகம் வரும்.

அடுத்தது தண்ணீர். கிணறு என்றால் எல்லோரும் பயப்படுவோம். ஆனால் குளியலறையில் நிறைத்து வைத்த வாளியும், மூடியில்லாத தொட்டியும், மாட்டுக்கு வைத்த கழுநீர்த் தொட்டியும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அதே அளவு ஆபத்து. தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. மூன்று நாளைக்கு வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

நாய் பூனை கடித்தாலோ பிராண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் தடவக் கூடாது. பாம்பு என்றால் கட்டுப்போடாமல், கீறாமல், கைகாலை அசையவிடாமல் நேராக அரசு மருத்துவமனை, 108க்கு போன். தாத்தா மொபட்டில் முன்னால் நிற்க வைத்து ஒரு ரவுண்டு போவது பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம், எனக்குத் தெரியும். தெருமுனை வரைதான் என்றாலும் ஹெல்மெட் இல்லாமல் வேண்டாம். நாலு வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் சட்டப்படியே கட்டாயம்.

படி 6: ஒட்டாத பிள்ளை

ஆச்சி இரண்டு கையையும் நீட்டுவார். பிள்ளை உங்கள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அந்த நேரத்தில் "ஆச்சிகிட்ட போ, முத்தம் குடு" என்று தள்ளினால் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், ஆச்சிக்கும் முகம் வாடிப்போகும்.

ஆச்சியைத் திண்ணையில் உட்காரவைத்து, முன்னால் ஒரு சொளகில் முருங்கைக்கீரையைப் போடுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஆயுங்கள். பிள்ளையை யாரும் பார்க்க வேண்டாம், கூப்பிட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீளும், ஒரு ஈர்க்கை எடுக்கும். ஆச்சி தன் கையிலிருக்கும் ஈர்க்கை மெதுவாக உருவிக் காட்டினால் போதும், பேச வேண்டியதில்லை. அடுத்த ஈர்க்கை ஆச்சியே நீட்டுவார். கீரை முடிவதற்குள் பிள்ளை இடம் மாறி ஆச்சி பக்கம் உட்கார்ந்திருக்கும். அப்போது நீங்கள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுங்கள். கீரைக்குப் பதில் மொச்சை உரிப்பதும் சரிதான். பிள்ளை கைக்கு வேலை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தின்பண்ட விஷயத்தில் மூன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்லுங்கள், மற்றதை விட்டுக்கொடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. நாலைந்து வயது வரை முழு நிலக்கடலை, பொரிகடலை கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். குடிக்கிற தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். கூடுதலாக ஒரு அதிரசமோ அல்வாத் துண்டோ கொடுத்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

படி 7: சனிக்கிழமை

ஒரு இடம், அரை நாள். சொந்தக்காரர் வீடு ஏழெட்டு இருக்கும். எல்லாவற்றுக்கும் போக நினைத்தால் பிள்ளைகள் ஆட்டோவிலேயே மூன்று நாளையும் கழிப்பார்கள். பார்க்க நினைப்பவர்களைச் சாயந்திரம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

குற்றாலம் போவதென்றால் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பேரருவியும் ஐந்தருவியும் பெரிசு, புலியருவி பொருத்தமாக இருக்கும். போலீஸ் குளிக்க வேண்டாம் என்றால் அப்படியே திரும்பிவிட வேண்டும். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்து வெள்ளம் இறங்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். அருவி இல்லையென்றால் தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போங்கள். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. கோபுர வாசலில் காற்று அப்படியே ஆளைத் தள்ளும். பிள்ளைகள் அந்த ஓர் இடத்திலேயே அரை மணி நேரம் ஓடி விளையாடுவார்கள். தாத்தா ஆச்சி உட்காரவும் நிழல் இருக்கிறது.

படி 8: கிளம்புவது

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பிள்ளைகளிடம் இன்றைக்குச் சாயந்திரம் ரயில் என்று சொல்லிவிடுங்கள். மத்தியானம் தூங்கவைத்து அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுவது எனக்குப் பிடிக்காது. எழுந்து பார்த்தால் ஆச்சி இல்லை என்றால் அந்த அழுகை நியாயமான அழுகை. மத்தியானத்துக்குள் வீட்டைப் பெருக்கி, படுக்கையை மடித்து, நனைந்த துணிகளைத் துவைத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். பீரோவில் பூட்டிய மாத்திரைப் பையை மறக்காமல் எடுத்துப் பழைய இடத்தில் வையுங்கள். ராத்திரி மாத்திரையைத் தேடி அலைய விடக் கூடாது. கவிழ்த்த வாளியையும்.

பொடி, ஊறுகாய் என்று கட்டித் தருவார்கள். மூடிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், எண்ணெய் உடுப்பில் இறங்காது. அடுத்து எப்போது வருவீர்கள் என்று கேட்டால் "பாக்கலாம் அத்தை" என்று சொல்லாமல் ஒரு மாதத்தையாவது சொல்லிவிட்டு வாருங்கள். திங்கட்கிழமைக்கு முடிந்தால் அரை நாள் லீவு போட்டுவையுங்கள். பெரியதைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நீங்கள் ஒரு மணி நேரமாவது தூங்க வேண்டும்.