ஒரே கைபேசியைக் கொண்டு வகுப்பு முழுவதையும் விடை சொல்ல வைப்பது எப்படி?

ஆசிரியர் கேள்வி கேட்டதும் முன்வரிசையில் நான்கு கைகள் உயரும். மற்றவர்களுக்கு விடை தெரியுமா என்பது தேர்வுத்தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். அதுவரை காத்திராமல், எல்லா மாணவரின் விடையையும் அப்போதே அறிந்துகொள்ள உதவும் செயலி பிளிக்கர்ஸ். மாணவர்களிடம் எந்தக் கருவியும் இருக்கத் தேவையில்லை. ஆசிரியரிடம் இணைய வசதியுள்ள கைபேசியும், அச்சிட்ட அட்டைகளும் இருந்தால் போதும்.

முதலில் பிளிக்கர்ஸ் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, அதே கணக்கின் வழியாகக் கைபேசிச் செயலியிலும் நுழையுங்கள். அடுத்து ஒரு வகுப்பை உருவாக்கி, வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி பெயர்களைச் சேர்த்து, பதிவேட்டு எண்ணும் அட்டை எண்ணும் ஒன்றாக இருக்கும்படி அமைத்துக்கொண்டால், பின்னால் அட்டைகள் கைமாறும் குழப்பம் இராது. முழுப் பெயர் வேண்டாம். பிள்ளைகளின் விவரங்களை வெளிச் செயலிகளில் எவ்வளவு குறைவாகத் தருகிறோமோ அவ்வளவு நல்லது.

இனி அட்டைகள். 40 அட்டைகள் கொண்ட தொகுப்பை இணையதளத்திலிருந்தே அச்சிடலாம். ஒவ்வோர் அட்டையிலும் வெவ்வேறு கறுப்பு உருவமும், நான்கு பக்கங்களில் ஏ, பி, சி, டி என்ற பொடி எழுத்துகளும் இருக்கும். தான் சரியெனக் கருதும் விடையின் எழுத்து மேலே வருமாறு மாணவர் அட்டையைப் பிடிக்க வேண்டும்; அதை ஆசிரியரின் கைபேசிக் கேமரா படித்துக்கொள்ளும். உருவங்கள் ஒன்றுபோல் இராததால், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அப்படியே பிடிப்பது எளிதன்று. தாளைப் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். பளபளப்பான லேமினேஷன் செய்தால் வெளிச்சம் பட்டுக் கேமரா தடுமாறும். வெள்ளை ஓரத்தை வெட்டிவிடக் கூடாது. விரல்கள் கறுப்பு உருவத்தை மறைக்கவும் கூடாது.

உழைப்பு முழுவதும் தேவைப்படுவது இணையதளத்தில் கேள்வி அமைப்பதில்தான். "0.125, 0.45, 0.6 ஆகியவற்றுள் எது பெரியது?" என்று கேட்டு, இம்மூன்றையும் ஏ, பி, சி என்றும், "மூன்றும் சமம்" என்பதை டி என்றும் தாருங்கள். பலர் ஏ என்று காட்டினால், 125 என்பது 6ஐ விடப் பெரிது என முழு எண்ணைப் போலவே தசமத்தையும் படிக்கிறார்கள் என்று பொருள். அன்றைய பாடத்தைப் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்ற இடமதிப்பிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். தவறான விடைகளை ஏனோதானோவென்று எழுதினால் இந்தத் தடயம் கிடைக்காது.

வகுப்பில் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, செயலியில் அதே கேள்வியைத் திறந்து, கேமராவை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு மெதுவாக நகர்த்துங்கள். அட்டைகள் படிக்கப்படும்போதே யார் என்ன விடை தந்தார் என்பது திரையில் பதிவாகும். பின்வரிசை அட்டைகளை முன்வரிசை மறைத்தால், வரிசை வரிசையாகப் பிடிக்கச் சொல்லலாம். முதல் நாள் கூச்சலாகத்தான் இருக்கும், அன்று பாடக் கேள்வியை விட்டுவிட்டு, "உங்களுக்குப் பிடித்தது இட்லியா, தோசையா?" என்று கேட்டுப் பழக்குங்கள்.

விடைகள் தேதிவாரியாகக் கணக்கில் சேமிக்கப்படுவதால், வார இறுதியில் இணையதளத்தின் அறிக்கைப் பகுதியைத் திறந்து, தொடர்ந்து தவறிய பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை அவர்களைத் தனியே அமர்த்திச் சொல்லிக்கொடுக்கலாம்.