"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சிஸ்டர்"

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். கன்னம் வீங்கி வரும் பெண்ணிடம் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சிஸ்டர்" என்பாள். டாக்டரும் அதையே விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுவார். ஏ.ஆர். என்போம். பின்னால் வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்வார்.

புருஷன் அடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தால், முதலில் கூட வந்தவரை வெளியே அனுப்பச் சொல்லுங்கள். "டிரெஸ்ஸிங் பண்ணணும்" என்று நாங்களே அனுப்பிவிடுவோம். அப்புறம் யார், எதால், எங்கே, எத்தனை மணிக்கு, நான்கையும் சொல்லுங்கள். "தெரிந்த நபர் ஒருவர், இரவு 9 மணிக்கு, வீட்டில், கையால் தாக்கியதாக" என்று ஏறும். பெயர் இல்லையே என்று பதற வேண்டாம், எழுதும் முறையே அதுதான். பெயரைப் போலீஸில் சொல்லிக்கொள்ளலாம். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல் ஆடினால், விரல் மடங்காவிட்டால் எக்ஸ்ரே கேளுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணக் காயம் பிரிவு 115(2), ஒரு வருடம் வரை சிறை. பல்லோ எலும்போ உடைந்திருந்தால் அது கொடுங்காயம், 117(2), 7 வருடம் வரை. கன்றிய இடம் மறுநாள்தான் நன்றாகக் கறுக்கும். அப்போது இன்னொரு தடவை போட்டோ எடுங்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் "நேற்று அடித்தார்" என்று மட்டும் எழுதினால் 115(2)தான். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் அதை விசாரிக்க முடியாது, புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடும். புருஷனும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கான பழைய 498ஏ இப்போது பிரிவு 85. அது வர வேண்டுமானால் நகை கேட்டது, பட்டினி போட்டது, போன வருடம் கை முறிந்தது எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

ஜெயிலுக்கு அனுப்ப மனசில்லை, அடி நின்றால் போதும் என்பவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம். சரி, அவர்களுக்கு 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள். அடிக்கத் தடை, அதே வீட்டில் இருக்கும் உரிமை, செலவுக்குப் பணம் மூன்றும் கேட்கலாம். 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா அப்படி விடாது. அதனால் இடைக்கால உத்தரவை முதலிலேயே கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு: 15100. நடுராத்திரி என்றால் மகளிர் உதவி எண் 181.

ஒருத்தி கிழிந்த ஜாக்கெட்டைத் துவைத்து, மடித்து எடுத்து வந்தாள். துவைக்காதீர்கள். நன்றாக உலரவிட்டு, பிளாஸ்டிக் கவரில் போடாமல் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.