அமெரிக்காவில் டாக்டராக விரும்பும் பிள்ளைகள் காலேஜில் எடுக்க வேண்டிய பாடங்கள்

அமெரிக்காவில் பெரும்பாலும் இளங்கலைப் பட்டம் வாங்கிய பிறகுதான் மருத்துவக் கல்லூரி, அதனால் காலேஜின் முதல் செமஸ்டரிலேயே பாடத் தேர்வில் கவனம் வேண்டும். ப்ரீமெட் என்று சொல்வது மருத்துவக் கல்லூரிக்கான தயாரிப்பு, பொதுவாகத் தனி மேஜர் (முதன்மைப் பாடம்) கிடையாது. வரலாறு, இசை, கணினி எதுவும் மேஜராக இருக்கலாம், மனதுக்குப் பிடித்ததையே எடுங்கள்.

ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் நான்கையும் லேப்போடு தலா ஒரு வருடம் படித்திருக்க வேண்டும் என்று பல மருத்துவக் கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. இதில் வரிசைதான் முக்கியம்: பொது வேதியியல் முடித்தால்தான் கரிம வேதியியல், பயோகெமிஸ்ட்ரி அதற்கும் அப்புறம், எனவே முதல் வருடம் வேதியியலைத் தள்ளிப்போட்டால் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதும் நேரத்தில் பயோகெமிஸ்ட்ரி பாக்கி நிற்கும். அந்தத் தேர்வின் இரண்டு அறிவியல் பிரிவுகளிலும் ஏறக்குறைய கால் பங்கு அதிலிருந்துதான் வருகிறது. 2015 முதல் உளவியல், சமூகவியலும் உண்டு. அவற்றுக்கு அறிமுக வகுப்பு போதும்.

கடினமான லேப் பாடங்கள் மூன்றை ஒரே செமஸ்டரில் அடுக்காதீர்கள், தயவுசெய்து. பல மருத்துவக் கல்லூரிகளுக்கும் பொதுவான ஏஎம்காஸ் விண்ணப்பத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதப் பாடங்களுக்கு ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) தனியாகவும் கணக்கிடப்படும், ஒரு பாடத்தை மறுபடி எடுத்து நல்ல கிரேடு வாங்கினாலும் பழைய கிரேடும் சேர்ந்தேதான் வரும்.

ஹைஸ்கூலிலேயே காலேஜ் தரத்தில் படித்த ஏபி பாடங்களுக்குக் கிரெடிட் இருக்கிறதே என்று அடிப்படைப் பாடத்தைத் தாண்டும் முன் மருத்துவக் கல்லூரிகளின் சேர்க்கை விதிகளைத் தொகுத்துத் தரும் எம்எஸ்ஏஆரில் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியின் விதியையும் பாருங்கள், சில கல்லூரிகள் அதை ஏற்பதில்லை.