டிக்கெட்டை விற்றுவிட்டு உரிமம் தேடாதீர்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விழா நடத்துவோருக்கும் கடை திறப்போருக்கும் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) தரும் உரிமத்துக்கான விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. படிவத்தில் கையெழுத்து விடுபடுவது, அஞ்சல் குறியீடு தவறுவது போன்றவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றை அலுவலரே சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். இந்தத் துறைக்கு வந்த புதிதில் நான் சறுக்கிய இடங்களிலேயே புதியவர்களும் சறுக்குவதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பத்து வேலை நாள் என்பது இரண்டு வாரம் அல்ல

உரிமம் இல்லாத மண்டபத்தில் ஒரு நாள் மட்டும் மது விற்க வேண்டும், அல்லது இரவு 11 மணிக்குப் பிறகும் இசை நிகழ்ச்சி தொடர வேண்டும் என்றால், 'தற்காலிக நிகழ்வு அறிவிப்பு' கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு. படிவமும் எளிது. அந்த எளிமையை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

நிகழ்வுக்கு முன் முழுதாகப் பத்து வேலை நாட்கள் இருக்க வேண்டும். அறிவிப்பு கவுன்சிலின் கைக்குப் போய்ச்சேரும் நாளும் நிகழ்வு நாளும் கணக்கில் வராது. சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை எனப்படும் பொது விடுமுறை எதுவும் வராது. 20ஆம் தேதி சனிக்கிழமை விழா என்றால், 5ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் அறிவிப்பு போய்ச்சேர்ந்திருக்க வேண்டும். 8ஆம் தேதி திங்கட்கிழமை கொடுத்தால் இடையில் இருப்பவை ஒன்பது வேலை நாட்களே. ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை விழா வைப்பவர்களுக்கு இன்னும் நெருக்கடி: பெரிய வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் கழிந்துபோவதால் பதினேழு நாட்களுக்கு முன்பே கொடுத்தாக வேண்டும்.

"தாமதமானால் என்ன, தாமத அறிவிப்பு என்று ஒன்று இருக்கிறதே, ஐந்து நாள் போதுமே" என்று யாராவது ஒருவர் எப்போதும் ஆறுதல் சொல்வார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஐந்து முதல் ஒன்பது வேலை நாட்கள் மிச்சம் இருக்கும்போது கொடுப்பது தாமத அறிவிப்பு. அதைச் சட்டம் ஏற்கிறது, உண்மைதான். ஆனால் காவல்துறையோ சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவோ ஆட்சேபம் தெரிவித்தால் அத்துடன் கதை முடிந்தது. விசாரணை கிடையாது, உங்கள் தரப்பைச் சொல்ல இடம் கிடையாது. உரிய காலத்தில் கொடுத்திருந்தால் ஆட்சேபம் வந்தாலும் பேசித் தீர்க்கலாம். முடிவு நேரத்தைக் குறைத்து உடன்பாட்டுக்கு வரலாம். உடன்பாடு இல்லாவிட்டால் உரிமக் குழுவின் முன் போய் வாதாடலாம். ஒரே ஒரு வேலை நாள் பிந்தியதற்காக இந்த உரிமைகள் எல்லாம் பறிபோகின்றன.

ஒரு விழாக் குழுவினர் என்னிடம் வந்தபோது டிக்கெட்டுகள் விற்று முடிந்திருந்தன, இசைக்குழுவுக்கு முன்பணமும் போயிருந்தது. "இனி அறிவிப்பு மட்டும்தான் பாக்கி" என்றார்கள். நாட்காட்டியைப் பார்த்தேன், மிச்சம் இருந்தவை எட்டு வேலை நாட்கள். அந்த மண்டபத்தைப் பற்றி அக்கம்பக்கத்தார் ஏற்கெனவே இரைச்சல் புகார் கொடுத்திருந்தார்கள். மூன்று வேலை நாட்களுக்குள் ஆட்சேபம் வந்துவிட்டது. இரவு ஒரு மணிவரை என்று விளம்பரம் செய்த நிகழ்ச்சியை 11 மணியோடு நிறுத்த வேண்டியிருந்தது, மது விற்பனையும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்லியே அந்தக் குழு களைத்துப்போனது. நல்ல நோக்கத்தோடு உழைத்தவர்கள். அறிவிப்பை முதலில் கொடுத்துவிட்டு டிக்கெட்டை அச்சிட்டிருந்தால் இந்த அலைச்சல் அவர்களுக்கு வந்தே இருக்காது.

499 பேரில் நீங்களும் அடக்கம்

தற்காலிக அறிவிப்பின் கீழ் ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பார்வையாளர்கள் மட்டும் அல்ல. கலைஞர்கள், தொண்டர்கள், ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து. 499 டிக்கெட் விற்றால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

'இலவச' மது

டிக்கெட் விலைக்குள் ஒரு கோப்பை வைன் அடங்கியிருந்தால் அது விற்பனைதான்.

நீல நிற அறிவிப்புத் தாள்

நிரந்தர உரிமத்துக்கு விண்ணப்பித்தால், மறுநாள் தொடங்கி 28 நாட்கள் வெளிர் நீலத் தாளில் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். வழிப்போக்கர் நின்று படிக்கக்கூடிய இடத்தில் இருப்பது அவசியம். உள்ளூர்ச் செய்தித்தாளில் பத்து வேலை நாட்களுக்குள் விளம்பரமும் வர வேண்டும். கடைக்குள் கட்டுமான வேலை நடக்கும்போது தச்சர் அந்தத் தாளைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். யாரும் கவனிக்க மாட்டார்கள். 28 நாளையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னால் திறப்பு விழாத் தேதி தள்ளிப்போகும். தாள் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள், ஒவ்வொரு முறையும் தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அடுத்த கடையின் விண்ணப்பத்தை நகல் எடுப்பது

இடத்தை எப்படி நடத்தப்போகிறீர்கள் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது அப்படியே உரிமத்தின் நிபந்தனையாகிறது. பெரிய மதுக்கூடம் ஒன்றின் விண்ணப்பத்தைப் பார்த்து, "ஒவ்வொரு வெள்ளி இரவும் வாசலில் இரண்டு பாதுகாவலர்கள்" என்று ஒரு சிறிய உணவகம் எழுதிவிட்டால், ஒவ்வொரு வெள்ளி இரவும் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். நிபந்தனையை மீறி இயங்குவது குற்றம். ஆறு மாதம்வரை சிறைக்கும் வரம்பற்ற அபராதத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. உங்களால் எது முடியுமோ அதை மட்டும் எழுதுங்கள்.

திட்டமிடல் அனுமதியும் உரிமமும்

கட்டடத்தை எதற்கு, எந்த நேரம்வரை பயன்படுத்தலாம் என்பது திட்டமிடல் அனுமதி. அதுவும் உரிமமும் வேறு வேறு. ஒன்றில் இரவு 10 மணி, மற்றொன்றில் 12 மணி என்றிருந்தால், 10 மணிக்கே மூட வேண்டும். குத்தகையில் கையெழுத்திடும் முன் இரண்டையும் வாங்கிப் படியுங்கள்.

11 மணிக்குப் பிறகு தேநீர்

இரவு 11 முதல் காலை 5 வரை சூடான உணவோ பானமோ விற்க உரிமம் வேண்டும். மது விற்காத கடைக்கும் இது பொருந்தும்.

பொறுப்பாளர் விலகினால்

மது விற்பனைக்கென உரிமத்தில் பெயர் குறிப்பிடப்பட்ட மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போனால், வேறொருவர் பெயரைக் கொடுக்கும்வரை மது விற்கக் கூடாது. விண்ணப்பத்தில் 'உடனடியாக அமலுக்கு வர வேண்டும்' என்று கேட்கலாம். அந்தக் கட்டத்தைத் தேர்வு செய்ய மறக்காதீர்கள்.